கை நனைத்தவர்கள்

"சண்டை எப்படி அடங்குச்சுன்னுதான நீங்க கேட்டு வரச் சொன்னீங்க, இப்ப வந்து—"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா கஸ்தூரி. பேரில்லாத ஆராய்ச்சிக்கு எவன் பணம்—"

"ஒண்ணு இல்ல சார். எப்படி அடங்குச்சுன்னு கேட்டா படிப்பு. எவன் அடங்கலைன்னு கேட்டா அது போலீசு."

பாகூர்க் கடைத்தெருவில், நூருன்னிசாவின் துணிக்கடைக்குள் நடந்தது இந்த வாக்குவாதம். பேராசிரியர் அரங்கநாதன் மதராசிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். மாணவியின் ஆராய்ச்சிக்கு டில்லியில் ஓர் இலாகா உதவித்தொகை தர ஒப்புக்கொண்டதாம். தேசத்தின் பாதுகாப்பைக் கவனிக்கிற இலாகா.

கஸ்தூரி ஏம்பலத்துப் பெண். இந்தியாவோடு சேருவதா பிரான்சோடு இருப்பதா என்று ஐம்பத்து நாலில் வெட்டிக்கொண்ட ஊர்கள் பிறகு எப்படி ராசியாயின என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்து ஊர்களில் பகை தீர்ந்ததென்றால் பகையாளி வீட்டில் கை நனைக்க வேண்டும். ஆகவே யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

நூருன்னிசாவின் மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். இந்தியாவோடு சேரச் சொன்ன இணைப்புக் கட்சி நாகமுத்து அந்தச் சண்டையில் இதே கடைக் கதவை உடைத்தவர். போன மாதம் அவள் மகள் கல்யாணத்தில் அவரே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். கஸ்தூரி எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான்.

"பேரு சொல்லாம இப்படி ஒரு கல்யாணம்னு எழுதினேன். அந்தப் பக்கத்தைத்தான் கேக்கறாங்க," என்றார் பேராசிரியர். "பிரெஞ்சு சிப்பாய் வீட்டுல அந்த ஆளுக்கு என்ன வேலைன்னு."

துணி மடித்துக்கொண்டிருந்த நூருன்னிசா தலை நிமிர்ந்தாள். "அவர இட்டுகினு போவாங்களா ஐயா?"

"சும்மா ரெண்டு கேள்வி கேப்பாங்க."

"அப்பறம் அவரு என் வூட்டுப் பக்கம் தல வெச்சுப் படுப்பாரா? பிரியாணிக்கு ஆசப்பட்டு போலீசு டேசனுக்குப் போனாருன்னு ஊரு சிரிக்கும். அவரு என் படியேறவே நாலு வருசம் புடிச்சுது."

கஸ்தூரிக்கு முகம் சுண்டிப்போனது. கேள்வி கேட்டவள் அவள்தானே.

"பேரு, ஊரு எல்லாத்தயும் எடுத்துடறேன் சார்."

"எடுத்தா பணம் நின்னுடும். ஹாஸ்டல்ல எப்படி இருப்ப? பட்டம்?"

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மா இல்ல. அங்க சேந்துக்கறேன். பட்டம் இல்லாட்டி எழுத முடியாதா இன்னா?"

"நீ போன வாரம் பேரோட அனுப்பின தாளெல்லாம் என்கிட்ட இருக்கேம்மா," என்றார் அவர், மெதுவாக. கை தானாகத் தோள்பைக்குப் போனது. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார்.

கஸ்தூரி முந்திக்கொண்டு போய் வாசலை அடைத்து நின்றாள்.

"அந்தத் தாளுங்கள வெச்சுட்டு பஸ் ஏறுங்க, சார்."