குசினிப் பக்கத்துக் கோல்

வாசலில் நின்ற காவலாளி பஸ்னாவின் பையைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒரு சில்வர் தட்டையும் கரண்டியையும் வெளியே எடுத்தபோது, பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். புது விளையாட்டரங்குக்குள் இந்த மாதிரிச் சாமான்கள் கொண்டுபோக முடியாது என்று அவன் சிங்களத்தில் சொன்னான். சாப்பாட்டுத் தட்டு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் சாப்பாடு எங்கே என்று கேட்டான்.

தட்டு மேசைக்கு அடியில் போய்விட்டது.

கூட வந்த ரிப்காவுக்கு ஒரே சிரிப்பு. ரிப்கா, பஸ்னாவின் கணவன் அகீலின் தங்கை. அலவத்துகொடை உதைபந்தாட்ட அணியின் பயிற்றுவிப்பாளர் நளீரின் மனைவியும் அவள்தான். "இங்க வந்துமா மதினி குசினி பேண்ட்?" என்று முழங்கையால் இடித்தாள்.

குசினி பேண்ட் என்ற பெயரை வைத்தவர்கள் கடுகண்ணாவை அணிக்காரர்கள். அலவத்துகொடையின் பழைய மைதானத்தில் ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் வீடுகளின் குசினிகள் வரிசையாக இருந்தன. இடையில் ஒரு தகர வேலி மட்டும்தான். ஆண்கள் மைதானத்தின் கோட்டில் கால் விரல் படும்படி நின்று பார்ப்பார்கள். பெண்கள் அவரவர் குசினி வாசலில் நின்று, ஒரு கண் அடுப்பிலும் மறு கண் பந்திலுமாக ஆட்டம் பார்ப்பார்கள். அகீல் கோல் காக்கிற நாட்களில் பஸ்னா கரண்டியால் தகரத்தில் தட்டிக்கொண்டே இருப்பாள். புருஷன் மேல் உள்ள பாசம் என்று ஊர் நினைத்தது. எதிரணிக்காரர்கள் குசினி பேண்ட் வாத்தியம் என்று கேலி செய்தார்கள்.

அது பாசம் மட்டும் இல்லை என்பது இரண்டே பேருக்குத் தெரியும்.

அகீலின் இடது கண் போன வருஷமே மங்கத் தொடங்கிவிட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பந்து இடப்பக்கமாக வந்தால் பஸ்னா தட்டுவாள். வலப்பக்கம் மாறினால் நிறுத்துவாள். சத்தம் கேட்டதும் அகீல் தலையைத் திருப்பிவிடுவான். பாதி நேரம் முடிந்து மறுபக்கக் கோலுக்குப் போனாலும் பயமில்லை. அங்கே அவனுடைய இடது மூலை முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் பந்தைக் கொண்டு வரும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. இப்படியே ஒரு பருவம் முழுவதும் சமாளித்துவிட்டார்கள். ஊர் அவனைப் புலி என்றது.

போன கிழமை கண்டியில் கண் டாக்டர் வேறொன்று சொன்னார். வலது கண்ணின் விழித்திரையும் மெலிந்துபோய் இருக்கிறது. முகத்தில் பலமாக ஓர் அடி பட்டால் அதுவும் போகலாம். பந்து விளையாட்டு இனிக் கூடவே கூடாது. வரும் வழியில் பஸ்ஸில் அகீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தான். இறுதிப் போட்டி ஒன்று மட்டும், அதோடு கையுறையைக் கழற்றிவிடுகிறேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றான். நளீருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே உட்கார வைத்துவிடுவான், ஊர் தன்னைப் பரிதாபமாகப் பார்க்கும், அதைத் தாங்க முடியாது என்றான். பஸ்னா தலையாட்டினாள். தகர வேலி இருக்கிறதே என்ற தைரியம் அவளுக்கு.

இரண்டு நாள் கழித்து, கடுகண்ணாவையோடு இறுதிப் போட்டி புது விளையாட்டரங்கில் என்று அறிவித்தார்கள்.

உள்ளே போனதும் பஸ்னா கோல்களைத் தேடினாள். என்ன பெரிய இடம்! சினிமாவில் வருவது போலப் பச்சைப் பசேல் என்று புல். சேறு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த மூலையிலிருந்தும் வரலாம், அந்த மூலையிலிருந்தும் வரலாம். புல்லைச் சுற்றிச் சிவப்பு நிறத்தில் அகலமான ஓட்டப் பாதை. அதற்கு இப்பால் ஆளுயரக் கம்பி வலை. அதற்கும் இப்பால்தான் சனங்கள். கோல் கம்பம் கைக்குழந்தையின் விளையாட்டுச் சாமான் போலத் தூரத்தில் தெரிந்தது.

சனங்களும் சந்தோஷமாக இல்லை. முன்வரிசையில் பாயிஸ் ஹாஜியார் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முணுமுணுத்தார். இருக்கைகளை மேற்குப் பார்த்து வைத்திருந்ததால் வெயில் நேரே முகத்தில் அடித்தது. கூரை பின்வரிசைக்கு மட்டும். ஒலிபெருக்கியில் பாட்டு நிற்காமல் அலறியது. பெண்களுக்கென்று தனி இடம் இல்லாததால் வந்திருந்த சிலரும் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றார்கள்.

"பழைய கிரவுண்டுல நான் ஏசினா ரெஃப்ரிக்கே கேக்கும்," என்றார் ஹாஜியார். "இங்க ஏசினா எனக்கே கேக்குதில்ல. மைய்யத்து வீட்டுக்கு வந்த மாதிரி ஈக்கி."

சாவு வீடு போல இருக்கிறது என்றதும் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் அகீல் கிட்டத்துக் கோலில் நின்றான். பஸ்னா ரிப்காவை இழுத்துக்கொண்டு கோலுக்கு நேர் பின்னால் கம்பி வலையோடு ஒட்டி நின்றாள். கடுகண்ணாவை அணியின் வலப்பக்கத்து முன்கள வீரன் ஒருவன், ஒல்லியானவன், அகீலின் இடப்பக்கமாகப் பந்தை உருட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். பஸ்னா வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து ஆண்கள் கூட்டத்தில் குரல் உயர்த்திப் பழக்கமில்லாத வாய். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை கத்தினாள். ஒலிபெருக்கி அதை அப்படியே விழுங்கிவிட்டது.

அகீல் திரும்பவில்லை. பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"வெயிலு," என்றார்கள் பின்னால். "வெயில் கண்ணுல குத்துது பாவம். எவன் கட்டினான் இத?"

அதன் பிறகு அகீல் தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் புது மைதானம்தான் காரணமானது. புல் வழுக்குகிறது என்றார்கள். பந்து வேகமாக ஓடுகிறது என்றார்கள். இடப்பக்கம் தாழ்வாக வந்த ஒரு பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போனபோதுகூட ஹாஜியார் ஏசியது அரங்கைக் கட்டிய கொந்தராத்துக்காரனைத்தான். எல்லாப் பழியும் சீமெந்தின் மேல் விழுந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. யாருக்கும் சந்தேகம் வராவிட்டால் யார்தான் அவனை நிறுத்துவது?

இடைவேளையில் அவனைப் பிடித்துவிடலாம் என்று ஓடினாள். பழைய மைதானத்தில் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு ஒரு வார்த்தையும் சேர்த்து யார் கையிலாவது கொடுத்துவிடலாம். இங்கே வீரர்கள் போகும் வழிக்குப் பூட்டுப் போட்ட கேட். கழுத்தில் அட்டை தொங்கினால்தான் உள்ளே விடுவார்களாம். அகீல் அந்த வழியாகத்தான் வந்தான். கூட்டத்துக்குள் அவளைத் தேடினான். அவள் அவனுடைய இடப்பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. "இங்க பாருங்க, இங்க," என்றாள். சத்தத்தில் அது எங்கேயோ போனது. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்து இருக்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரையோ கண்டவன் போலக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பஸ்னா கம்பியை விட்டாள். ரிப்காவின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இடது கண், தகர வேலி, டாக்டர் சொன்னது, எதையும் மறைக்கவில்லை.

ரிப்காவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. "எங்கட நானாட கண்ணு மதினி. எனக்கும் செல்லாம மறைச்சீங்களா?" என்றாள். பிறகு போனை எடுத்து நளீருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்பவும் அடித்தாள். ஆட்ட நேரத்தில் அவன் போனைப் பையில் போட்டுவிடுவான் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் பாதி. அகீல் இப்போது எட்டத்துக் கோலில் நின்றான். அந்தப் பக்கம் ஆட்களை விடவில்லை. அங்கிருந்து கத்த ஒரு ஜீவன் கிடையாது. ஓர் உயரப் பந்து இடது மூலையிலிருந்து வளைந்து வந்தது. அகீல் கையைத் தூக்கிக்கொண்டு காற்றைத் துழாவினான். மூன்று பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள். அகீல் கீழே விழுந்தான்.

பஸ்னாவுக்கு உலகம் நின்றுவிட்டது. அவன் எழும்பினான். காதைத் தடவிக்கொண்டான். நடுவரிடம் ஒன்றுமில்லை என்று கை காட்டினான். காதில் பட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் பட்டிருந்தால்?

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. ஓட்டப் பாதைக்குப் போகும் சின்ன கேட்டில் நின்ற காவலாளி ஆட்டத்தில் லயித்துப் போயிருந்தான். அவள் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கினாள். அவன் கூப்பிட்ட சத்தம் கேட்டது. ரிப்கா அவனை மறித்துக்கொண்டு என்னவோ சிங்களத்தில் சண்டை பிடித்த சத்தமும் கேட்டது. பஸ்னா நிற்கவில்லை.

அந்தச் சிவப்புப் பாதை முடிவதாக இல்லை. ஊர் ஆண்கள் முழுப்பேரும் உட்கார்ந்திருக்கிற இருக்கைகளுக்கு முன்னால், அபாயாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் தனியாக வேகமாக நடந்து போவதை எல்லாரும் பார்த்தார்கள். பேச்சு அடங்கியது. யாரோ ஒருவன் விசில் அடித்தான். இன்னொருவன் அது அகீலின் வீட்டு ஆள் என்று அவனை அதட்டினான். பஸ்னாவுக்குக் காது இரண்டும் சுட்டது. ஓரத்தில் மாற்று வீரர்களோடு உட்கார்ந்திருந்த நளீரின் வெள்ளைத் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

நளீர் அவளைக் கண்டதும் எழும்பி வந்தான். வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருப்பான் போல. முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்ன பஸ்னா, உம்மாக்கு என்னமுமா?"

"உம்மாக்கு ஒண்டுமில்ல மச்சான். அவருக்கு இடக் கண்ணு தெரியா. ஒரு வருசமா தெரியா. மத்தக் கண்ணுல அடி பட்டா அதுவும் போகுமெண்டு டாக்டர் செல்லியிருக்கார். இப்பவே எறக்குங்க அவர."

நளீர் அவளைப் பார்த்தான். பிறகு மைதானத்தைப் பார்த்தான். தவறிப்போன பந்துகள் எல்லாம் அவன் கண் முன்னால் ஒரு முறை ஓடியிருக்க வேண்டும். உடனே மாற்றுக் கோல் காப்பாளன் பக்கம் திரும்பினான். "ஸிபான், கையுறையப் போடு," என்றான்.

மாற்று வீரருக்கான பலகையைத் தூக்கினார்கள். அதில் இருந்தது அகீலின் இலக்கம். எல்லாரும் பார்த்தார்கள், அகீலைத் தவிர. பலகை அவனுடைய இடப்பக்கத்தில் இருந்தது. நடுவர் கிட்டப் போய்த் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் கையை விரித்து என்னவோ வாதாடினான். பிறகு தலையை முழுவதும் திருப்பி, ஓரத்தில் நளீருக்குப் பக்கத்தில் நின்ற கறுப்பு அபாயாவைக் கண்டான். வாதம் அதோடு நின்றது.

கையுறையைக் கழற்றிக்கொண்டே மெதுவாக நடந்து வந்தான். இருக்கைகளில் கை தட்டினார்கள். வெயிலால் பாவம் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் பஸ்னாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"கொஞ்ச நேரம்," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க ஏலாமப் போச்சா ஒனக்கி?"

"ஏலா."

தோளில் நளீர் வைத்த கையை அகீல் விலக்கிவிட்டு, உடை மாற்றும் அறைக்குப் போகும் வழிக்குள் இறங்கினான். பின்னால் போ என்று நளீர் அவளுக்குக் கண்ணால் காட்டினான். கழுத்தில் அட்டை இல்லாத அவளை இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

புதுக் கட்டடம். சீமெந்து வாசனை இன்னும் போகவில்லை. மின்விளக்கு எரியவில்லை. வெளியே அவ்வளவு வெயிலில் இருந்துவிட்டு வந்ததில் அவளுக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சத் தூரத்தில் அகீல் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றான். முன்னே ஒரு காலை நீட்டினான். பிறகு அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அவள் வலப்பக்கமாகச் சுற்றிப் போய் அவனுடைய முழங்கையைப் பிடித்தாள். வெளியே சனங்கள் ஓவென்று கத்தினார்கள். யார் அடித்தார்கள், யார் வாங்கினார்கள் என்று இருவருமே கேட்கவில்லை.

"கோவம் போகல்ல எனக்கி," என்றான்.

"போகாட்டிப் பரவாயில்ல," என்றாள் அவள். "படி ஈக்கி. பாத்துக் கால வைங்க."