குளத்தூருக்கு ஓர் ஆள்

விடிந்தும் விடியாமலும் சம்சுதீன் கடை முன்னால் கொத்தாளிபட்டி ஊரே கூடிவிட்டது. மாடக்கண்ணு பெஞ்சின் மேல் ஏறி நின்று ஆளாளுக்கு ஊர் பங்கிட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் சோலைக்கு எப்போதும்வென்றான் கிராமம்; பேரனுக்கு மந்திரித்துக் கயிறு கட்ட. வண்டிக்காரக் கொம்பையாவுக்கு விளாத்திகுளம். மாட்டுக்கு லாடம் அடிக்க. போன மாதம் கல்யாணமான செண்பகராஜுக்கும் பெண்டாட்டிக்கும் புதியம்புத்தூர். ரவிக்கை தைக்கக் கொடுக்க. அந்தப் பெண், கோவில்பட்டிக்குச் சினிமா பார்க்கப் போவதாகச் சொல்லலாமே என்று புருஷன் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். சினிமாவுக்காக எந்தச் சர்க்காரும் தண்டவாளம் போடாது என்று மாடக்கண்ணு கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

விஷயம் இதுதான். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் கரிசல் காட்டின் ஊடாகப் புதிதாக ஒரு ரயில் பாதை போடலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாண்டுத் திட்டக் காலம், எதையும் யோசிக்கத் தடையில்லை. பாதை எந்த ஊர் வழியாகப் போவது என்பதுதான் கேள்வி. அதற்காக சௌந்தரபாண்டியன் என்று ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, ஊருக்குப் பாதை பிரிகிற கொத்தாளிபட்டி விலக்கில் உடைமர நிழலில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாலையில் யார் போகிறார், எங்கே போகிறார், எதற்குப் போகிறார், எப்போதெல்லாம் போகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் அவர் வேலை. ஜனம் நிறையப் போய் வந்தால் இந்த வழி, இல்லாவிட்டால் வடக்கே வேறு வழி. சரக்குப் பிடிக்கக் கோவில்பட்டி போன சம்சுதீன் இதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, மாடக்கண்ணுவிடம் சொன்னான்.

கேட்டதும் மாடக்கண்ணுவுக்குப் பகீரென்றது. கொத்தாளிபட்டிக்காரர்கள் ஊரை விட்டு நகர்வதே அபூர்வம். மழைக்காலத்தில் சாலை இருக்காது. பங்குனியிலோ பருத்தி வெடித்துக் கிடக்கும், போட்டது போட்டபடி யார் ஊருக்குப் போவது? அந்த மனிதர் உடைமரத்தடியில் உட்கார்ந்து ஆட்டு மந்தையைத்தான் எண்ண வேண்டும். அதனால் ஊர் கூடி, அதிகாரி இருக்கிற வரைக்கும் முறை வைத்துப் பயணம் போவது என்று முடிவாயிற்று. பருத்தி எடுக்கிறவர்கள் எடுக்கட்டும், மற்றவர்கள் போகட்டும், மத்தியானம் மாறிக்கொள்ளட்டும்.

இதில் மாடக்கண்ணுவுக்கு மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே ஆவேசம் இருந்தது. காரணம் எல்லாருக்கும் தெரியும். அவன் முன்னால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரே தங்கை சொர்ணத்தாயைக் குளத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் மகள் இசக்கி பெரியவளானாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சில் என்கிற சிறு குடிசை கட்டி, அதில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். மாமன் இருக்க வேறு கை அதைத் தொடக் கூடாது. சேதி வந்ததும் மாடக்கண்ணு ஓலையும் சீரும் ஏற்றி வண்டி பூட்டினான். ஐப்பசி மழை. கரிசல் மண் நனைந்துவிட்டால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. பாதி வழியில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அதை மீட்டுக்கொண்டு மறுநாள் பொழுது சாய, முழங்கால் வரை சேற்றோடு அவன் போய்ச் சேர்ந்தபோது வாசலில் குச்சில் நின்றது. எவ்வளவு நேரந்தான் பிள்ளையைக் காக்க வைப்பது என்று, சொர்ணத்தாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறைக்காரர் ஒருவரை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

மாடக்கண்ணு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அப்படியே திருப்பினான். சொர்ணத்தாய் தெருமுனை வரை பின்னாலேயே ஓடி வந்து கூப்பிட்டாள். அவன் காதில் விழாதவன் மாதிரி மாட்டை அதட்டினான். அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே, வீம்பில் மட்டும் பங்கு குறையுமா? வருகிற வைகாசியில் இசக்கிக்குக் கல்யாணம் என்பதைச் சந்தையில் யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். குளத்தூரிலிருந்து சொல்ல ஆள் வரவில்லை. நாமே போய் நிற்கலாமே என்று அவன் மனைவி பாலம்மாள் ஒருநாள் மெல்ல ஆரம்பித்தாள்; அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டான். போகத்தான் ஆசை. போய், அவள் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. அன்றைக்கு ஒரு ரயில் மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வான். பழியை மண் மேல் போட்டுவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

ஆக, கொத்தாளிபட்டி ஜனம் பயணம் புறப்பட்டது. தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டி, விலக்கில் நின்று அதிகாரிக்குப் பதில் சொல்லிவிட்டு, கண்ணுக்கு மறைந்ததும் ஓடைக்குள் இறங்கிக் கொல்லைப்புறமாக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முதல் நாள் நன்றாகத்தான் நடந்தது. இரண்டாம் நாள் சோலை எப்போதும்வென்றானை மறந்துபோய், திருச்செந்தூர் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் நடந்தா என்று அதிகாரி கேட்க, ரயில் வந்தால் ஏன் நடக்கிறேன் என்று அவர் திருப்பிக் கேட்டார். இதை ஊரே நாலு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. புதுப்பெண்ணுக்குப் போவதும் வருவதும் பிடித்துப்போய், முறை இல்லாத நேரத்திலும் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். சுமை இருந்தால் மதிப்பு என்று சம்சுதீன் சொன்னதால், எல்லாரும் பையில் கம்பு உமியை அடைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் ஆள் தட்டுப்பாடாகிவிட்டது. வெயிலுக்குப் பயந்து ஆளுக்கு ஒரு மூலையில் படுத்துவிட்டார்கள். சாலை வெறிச்சென்று கிடந்தது. சம்சுதீன் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களே ஒரு நடை போயிட்டு வாங்க. இந்த ஊருல ஒரு நாளும் பயணம் போகாத ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றான். மாடக்கண்ணு சலவை வேட்டியைக் கட்டி, உமிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு விலக்குக்குப் போனான். ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்தவன் தனக்கென்று ஒரு பதிலை யோசித்து வைத்திருக்கவில்லை.

"எங்க போறீங்க?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"குளத்தூர்" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

"யார் வீட்டுக்கு?"

"தங்கச்சி வீட்டுக்கு சார்." ஆறு வருஷமாகச் சொல்லாத சொல். அதை மறைக்கக் கூடவே ஒன்றைச் சேர்த்தான்: "மாசத்துக்கு ரெண்டு தடவ போயிருவேன்."

அதிகாரி எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். மேஜையை மடக்கச் சொன்னார். வேலை முடிந்தது, அவரும் இன்று குளத்தூரில்தான் தங்குகிறார், இந்த வெயிலில் எதற்கு நடக்க வேண்டும், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். மாடக்கண்ணு, நடப்பது உடம்புக்கு நல்லது என்றான். மாசத்துக்கு ரெண்டு தடவை நடக்கிறவருக்கு ஒரு தடவை குறைந்தால் ஒன்றும் ஆகாது என்று அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஜீப் நகரும்போது கடை வாசலில் சம்சுதீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது தெரிந்தது.

இரண்டு பக்கமும் பருத்திக்காடு வெள்ளை வெளேரென்று கிடந்தது. அப்புறம் அதிகாரி சாலையைப் பார்த்தபடியே, "கொம்பு உடைஞ்ச மயிலைக்காளை உங்க ஊர்ல நிறைய உண்டோ?" என்று கேட்டார்.

மாடக்கண்ணு உமிப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான். அது நாள்தோறும் விலக்கைக் கடந்து போய் வந்த கொம்பையாவின் காளை. "ரெண்டு மூணு கெடக்கும் சார்" என்றான்.

"எல்லாத்துக்கும் வலது கொம்புதான் உடையுமோ?"

"எங்க ஊருத் தண்ணி அப்படி சார்."

அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுதியதை அப்படியே மேலே அனுப்புவதா, இல்லை ஊர்க்காரர்கள் விளையாடிவிட்டார்கள் என்று ஒரு வரி சேர்ப்பதா என்று மூன்று நாளாகவே யோசிப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு வீட்டையாவது கண்ணால் பார்த்து, இது நிஜம் என்று தெரிந்துவிட்டால் மற்றதையும் நம்பி அனுப்ப மனசு வரும் என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் மாடக்கண்ணுவுக்கு இன்னும் பயமாக இருந்தது. குதித்து ஓடிவிடலாமா என்று கீழே பார்த்தான். ஓடினால் ஊருக்கு ரயில் இல்லை. ஓடாவிட்டால் தங்கச்சி வாசல். ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பி இப்படி மாட்டிக்கொண்டோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் குளத்தூர்க் கண்மாய்க்கரை கண்ணில் பட்டதும், ஜீப் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன என்று ஒரு மனசு அவசரப்பட்டதையும் அவன் கவனிக்காமல் இல்லை.

சொர்ணத்தாய் வாசலில் மிளகாய் வத்தல் காயப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. தனக்கு நரைத்தது பெரிதாகத் தெரியவில்லை, அவளுக்கு நரைத்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஜீப்பைக் கண்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தவள், இறங்குகிற ஆளைப் பார்த்ததும் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். உள்ளேயிருந்து வளர்ந்த பெண்ணொருத்தி நிலைப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். இசக்கி. அவளுக்கு மாமனை அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது.

"உங்க அண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கேன்மா" என்றார் அதிகாரி. "ரயில் விஷயமா ஒண்ணு தெரியணும். மாசத்துக்கு ரெண்டு தடவை இங்க வருவாராமே, நிஜந்தானா?"

மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், இது யார் என்றே தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னாலும் நியாயம்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

சொர்ணத்தாய் அவனை உச்சியிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள்.

"ஆமா சார். மாசத்துக்கு ரெண்டு தடவ தப்பாம வந்துருவாக. மழ, சேறுன்னா எங்க அண்ணனுக்கு ஒரு பொருட்டே கெடையாது" என்றாள். அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. "அவிய வராத மாசம் பிள்ளையள இழுத்துக்கிட்டு நாங்க போவோம். நடந்து நடந்து காலு தேயுது. ரயிலு வந்தா புண்ணியமாப் போகும்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். சொர்ணத்தாய் முன்னால் வந்து, அண்ணன் தோளிலிருந்த பையைச் சீர்ப்பை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள். கனமே இல்லை. பையின் மூலை ஓட்டை வழியாக உமி சிந்தியது. அவள் அந்த ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பலகாரம் என்று அதிகாரியிடம் சொன்னாள். அவர் உமியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப சந்தோஷம் என்று கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

புழுதி அடங்கும் வரைக்கும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்னைக்கு நான் வண்டிய விட்டு எறங்கியிருக்கணும் தாயி" என்றான் மாடக்கண்ணு. இத்தனை வருஷம் வராத சொல், அதுபாட்டுக்கு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வத்தல் நெடி என்றான்.

அவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் ஆள் விட்டிருக்கணும்" என்றாள். அப்புறம் குரலைச் சரிசெய்துகொண்டு பேசினாள். அதிகாரி முன்னால் வைத்திருந்த மரியாதையெல்லாம் இப்போது இல்லை. சின்ன வயசில் பேசுகிற மாதிரியே பேசினாள். "இந்தா பாரு. சர்க்காரு பேப்பர்ல ஏறிருச்சு, இனிப் பொய்யாக்கப்படாது. வைகாசில ரெண்டு தடவ வா. பந்தக்கால் ஊன ஒரு தடவ, தாலி கட்டுக்கு ஒரு தடவ. நீ கால் ஊனாம இந்த வாசல்ல பந்தல் ஏறாது."

அவன் தலையை ஆட்டினான்.

இசக்கி செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் குடித்து முடிப்பதற்குள் சொர்ணத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வைக்கோல் படப்புப் பக்கம் போய்விட்டாள். அண்ணன் வந்திருக்கிறான், அடுப்பில் வெறும் கஞ்சிதான் இருக்கிறது, கோழி ஒன்றைப் பிடித்தாக வேண்டும். செவலைச் சேவல் அவள் நினைப்பைப் புரிந்துகொண்டதுபோல வேலி ஓரமாக நழுவியது. கம்பைத் தூவிக் கூப்பிட்டாள், அது வரவில்லை. எட்டிப் பிடித்தாள், இரண்டு இறகு மட்டும் கையில் வந்தது. மாடக்கண்ணு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சலவை வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். "அந்தப் பக்கம் மறி, அந்தப் பக்கம்" என்று அவள் மூச்சிரைக்கச் சொல்ல, சேவல் அவன் காலுக்கு நடுவே புகுந்து வத்தல் மேல் ஏறித் தெருவுக்கு ஓடியது. நரைத்த தலைகள் இரண்டும் அதன் பின்னாலேயே ஓடின.