ஜும்ஆ நேரத்துச் சோதனை

ஜவுபர் ஹாஜியாரின் மில்லில் நெல் அவிக்கும் தொட்டிக்கு இரண்டு பட்டன்கள். ஒன்று ஸ்டீம் விடும், மற்றது மூடியைத் திறக்கும். இரண்டும் ஒன்றாக நடக்காமல் ஒரு புறோகிராம் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரோ மலிவாக எழுதிக் கொடுத்ததைச் சரிபார்க்க வந்தவள் பஸ்மினா.

பட்டன்கள் அழுத்தப்படக்கூடிய வரிசைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சோதித்து, ஏழே படியில் பிழைக்குப் போகும் வரிசையைப் பிடித்தாள்.

"ரெண்டு பேர் ஒரே நேரம் அமத்தினா ரெண்டுக்கும் அனுமதி போகும், ஹாஜியார்."

ஹாஜியார் அந்தத் தாளில் வடை எண்ணெயைத் துடைத்தார். "மூணு வெள்ளிக்கிழமை சோதிச்சாச்சி, புள்ள. ஒண்டும் ஆகல்ல."

எப்படி ஆகும்? ஜும்ஆத் தொழுகைக்கு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகுதான் தொட்டி சும்மா கிடக்கும். அப்போது மில்லில் மிஞ்சுகிறவன் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் கிறகரி ஒருத்தன். தனி ஆள், ஒன்றை அழுத்திவிட்டுத்தான் மற்றதை அழுத்துவான். அதற்குப் பெயர் சோதனையாம்! ஆனால் மில்லே பஸ்மினாவைப் பார்த்துத்தான் சிரித்தது. அவளுக்கு 'ஏழாம்படி' என்று பட்டமும் வைத்தார்கள்.

திங்கட்கிழமை ஒருவன் ஸ்டீம் பட்டனை அழுத்திய அதே கணம் கிறகரி மூடிப் பட்டனை அழுத்தினான். அலறல் ஒஃபிஸ்வரை கேட்டது.

பஸ்மினா ஓடவில்லை. கணினியில் பதிவைத் திறந்து தன் தாளோடு ஒப்பிட்டாள். ஏழு படியும் அச்சொட்டாக அப்படியே. முகம் வெந்த கிறகரியை ஓட்டோவில் ஏற்றும்போது அதைப் பிரிண்ட் எடுத்து ஹாஜியாரின் மேசையில் வைத்தாள்.

"இப்ப சந்தோஷமா உனக்கு?" என்றார் அவர்.

"ஓம், ஹாஜியார்."

அவள் பொய் சொல்லவில்லை.