வலது பக்கத் தரை

தமன்ஹூர் ஊரில் பழைய கார் வாங்கியவரிடம் யாரும் இன்ஜின் எப்படி என்று கேட்பதில்லை. "ஃபாப்ரிகாவா?" என்றுதான் கேட்பார்கள். கார் ஆலையில் பூசிய பெயிண்டின் மேல் பிறகு எவன் கையும் படவில்லை என்றால் அது ஃபாப்ரிகா. அந்த ஒரு சொல்லுக்காகப் பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியைக்கூடப் போட்டி போட்டு வாங்குவார்கள். ஒரே ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருந்தாலும் போச்சு. பெண் பார்க்க வந்தவர்கள் ஷர்பத்தைத் தொடாமல் எழுந்து போவதுபோலப் போய்விடுவார்கள்.

அவாதிஃப் அரசு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள், ஊருக்கு டாக்டரம்மா. ஐம்பத்தாறு வயது. கல்யாணம் நாலே வருஷத்தில் முறிந்து, அதுவும் பழங்கதையாகிவிட்டது. பிள்ளை இல்லை. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது ரஷீத் ஊரில் இருக்கும் அக்கா நபீலா ஒருத்திதான். வெள்ளிக்கிழமைதோறும் வேன் ஏறி, பிதுங்கும் கூட்டத்தில் நசுங்கி, அக்காவின் அறையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். மற்ற ஆறு நாளும் "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து பெரிதாகப் பேச்சு வராது.

நபீலாவுக்கு இடுப்பு எலும்பு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. வேனில் ஏற முடியாது. ஆட்டோவில் போனால் குலுக்கலில் உயிர் போய்விடும். வீட்டிலிருந்து கடல் பத்து நிமிஷத் தூரம்தான், இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. "கடல் இன்னும் அங்கதான் இருக்காடி, இல்ல அதையும் வித்துட்டாங்களா?" என்று வாராவாரம் கேட்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவாதிஃப் கார் வாங்கினாள்.

விளம்பரம் அலெக்ஸாந்திரியாவிலிருந்து. கண் டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரே கை, முழுக்க ஃபாப்ரிகா. அவாதிஃப் ஏமாறக்கூடாது என்று பட்டறைக்கார உஸ்தா ஷஹாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கார்களின் தகரத்தைத் தட்டியே ஜாதகம் சொல்லும் ஆள் அவர். இரண்டு மணி நேரம் தட்டினார், தடவினார், பெயிண்டின் கனம் பார்க்கும் கருவியை அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தார். கடைசியில் கண் கலங்காத குறையாக, "கண்ணாடி மாதிரி இருக்கு டாக்டரம்மா. கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார். அவளும் அப்படியே வாங்கினாள்.

முதல் வெள்ளிக்கிழமை நபீலா வாசலுக்கு வந்து, க்ரீம் நிறக் காரை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணேறு படாமலிருக்க ஒரு நீல மணியைக் கண்ணாடியில் கட்டினாள். பிறகு ஓட்டுபவருக்கு வலப்பக்கத்து இருக்கையில் பின்பக்கத்தை முதலில் வைத்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து, நிமிர்ந்து உட்காரக் கைத்தடியை ஊன்றினாள். தடி போய்க்கொண்டே இருந்தது. தரைவிரிப்பைக் கிழித்துக்கொண்டு, தகரத்தையும் கிழித்துக்கொண்டு, கீழே ரோட்டில் போய் இடித்தது.

"அவாதிஃப்... என் தடி எங்கடி போச்சு?"

குனிந்து பார்த்தபோது ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. ஒரு தக்காளித் தோல் கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவாதிஃப் விரிப்பைப் பிடித்து இழுத்தாள். அடியில் இருந்தது தகரமே இல்லை. பழுப்பாய், செதில் செதிலாய், விரல் வைத்தால் பிஸ்கட்டாக உதிர்ந்தது.

"காரு வாங்கச் சொன்னா சல்லடை வாங்கிட்டு வந்திருக்கா" என்று நபீலா சிரித்தாள். ஆனால் இறங்கும்போது அவள் கை தங்கையின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. வாசற்படியில் நின்று சொன்னாள். "கோவிச்சுக்காதடி. ஒரு தடவ உடைஞ்ச உடம்பு இது. இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன். கடல் எங்கயும் போயிடாது."

அன்று அவாதிஃப் அக்காவைக் கடலுக்குக் கூட்டிப் போகாமலே தமன்ஹூர் திரும்பினாள். வழியெல்லாம் ஓட்டையிலிருந்து காற்று விசில் அடித்தது. அழுகை வந்தது, அழுதாள். பார்க்க யாரும் இல்லாததில் அந்த ஒரு வசதி உண்டு.

ஷஹாத்தா காரைத் தூக்கி அடியில் புகுந்து பார்த்துவிட்டு வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் பார்க்காமல் கையைத் துடைத்தார்.

"இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. நீங்க தாராளமா ஓட்டலாம். வலது பக்கம்தான் பூரா போச்சு. சீட்டைப் பிடிச்சிருக்கிற இடமே இல்ல. அங்க மட்டும் யாரையும் உக்கார வெச்சிராதீங்க."

"ரெண்டு மணி நேரம் பாத்தீங்களே உஸ்தா!"

"பெயிண்ட் பாக்கத்தானே கூட்டிட்டுப் போனீங்க? பெயிண்ட்ல ஒரு குறை சொல்லுங்க பாப்போம்!"

குறை சொல்ல முடியாதுதான். ஊரே மேலே தட்டிப் பார்க்கும், கீழே எவன் குனிகிறான்?

"வெட்டி எடுத்துட்டு வெல்டிங் வைங்க" என்றாள்.

அவர் பதறிப்போனார். "கதவுக்குக் கீழ இருக்கிற வெளிப்பட்டையையும் சேர்த்து வெட்டணும். அப்புறம் பெயிண்ட் அடிக்கணும். ஃபாப்ரிகா போயிடும் டாக்டரம்மா! பேசாம விரிப்பை மூடுங்க. நாளைக்கே தெற்கேயிருந்து ஒருத்தன் வந்து முத்தம் குடுத்து வாங்கிட்டுப் போவான்."

விரிப்பை மூட அவளுக்கு மனம் வரவில்லை. நேராக அலெக்ஸாந்திரியாவுக்கு விட்டாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உங்களுக்கு வெட்கமாயில்லையா, படித்தவர்தானே, ஒற்றைப் பொம்பளை என்றால் இளக்காரமா.

வண்டியை விற்ற டாக்டர் ரஊஃப் கதவைத் திறந்தார். எழுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கீழே அழைத்துப் போய்க் கதவைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "வலது பக்கம்" என்றார்.

"தெரியாதுன்னு சொல்லப் போறீங்களா?"

"தரைவிரிப்பு அஞ்சாறு தடவை மாத்தியிருக்கேன். அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணவேயில்ல. நாப்பது வருஷம் கண் டாக்டர் நான், பாத்துக்குங்க." சிரிக்க முயன்றார், வரவில்லை. "ஸிஹாம் உக்காந்த இடம். என் சம்சாரம். கோடை முழுக்க சாயங்காலமானா கடலுக்குப் போவோம். நான் வண்டிலயே இருப்பேன். அவ தண்ணில இறங்கிட்டு, சொட்டச் சொட்ட வந்து அப்படியே ஏறிடுவா. இருபத்திரண்டு வருஷம். உப்புத் தண்ணி, வண்டி போயிடும், துடைச்சிட்டு ஏறச் சொல்லுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"நீங்க சொல்லலையா?"

"சொல்லியிருந்தா அவ தண்ணிலயே இறங்கியிருக்க மாட்டா. அப்படிப்பட்ட ஆளு."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசவில் ஒரு வார்த்தைகூட அவாதிஃபுக்கு நினைவு வரவில்லை.

"பணம் தொடாம அப்படியே இருக்கு" என்றார் அவர். "எடுத்துட்டுப் போங்க. வண்டி இங்கயே நிக்கட்டும். வித்த நாள்லேருந்து, அது நின்ன இடம் காலியா தெரியுதேன்னு ஜன்னல் பக்கம் போகவே முடியல எனக்கு."

"வெல்டிங் வெச்சிருவீங்களா?"

"எதுக்கு? அந்தப் பக்கம் இனி யாரு உக்காரப் போறா?"

சாதாரணமாகத்தான் சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு போனால், பழையபடி வேனில் நசுங்கி, இதே வார்த்தையை இதே குரலில் தானும் சொல்ல இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை இருக்கிறது என்று நினைத்தாள். பயமாக இருந்தது. சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"பணம் வேணாம் டாக்டர். வண்டி எனக்கு வேணும்."

அவள் கிளம்பும்போது அவர் வலது பக்கக் கதவைத் திறந்து, யாரோ ஏறும் நேரம் அளவுக்குப் பிடித்திருந்து, மெதுவாகச் சாத்தினார். தான் அதைச் செய்தது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஷஹாத்தா இழவு வீட்டு முகத்தோடு வெட்டினார். புது இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பெயிண்ட் ஒத்துப்போகவில்லை. வலது பக்கம் முழுக்க ஒரு பட்டை வெளுத்துத் தெரிந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "ஐயோ, ஃபாப்ரிகா போச்சே" என்று துக்கம் விசாரித்தார்கள். "கடல் தண்ணி மட்டும் ஒரு சொட்டு படக்கூடாது டாக்டரம்மா" என்று ஷஹாத்தா விரலை ஆட்டிச் சொல்லி, துடைக்க ஒரு துணியையும் டாஷ்போர்டின் முன்பெட்டியில் வைத்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை நபீலா வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "ஏற மாட்டேன்னு சொன்னேன்ல?"

அவாதிஃப் வலது பக்கக் கதவைத் திறந்து, உள்ளே காலை வைத்து, கூரையில் தலை இடிக்கக் குனிந்து நின்றபடி குதித்தாள். டம் டம்மென்று குதித்தாள். எதிர்க் கடையில் அவித்த பீன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தட்டும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியே, நிறுத்து! மானம் போகுது. உன் இடுப்பும் உடைஞ்சா நம்மளை யாரு பாத்துப்பா?" நபீலா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே தடியை ஊன்றி வந்தாள். ஏறுமுன் தரையைத் தடியால் மூன்று தரம் தட்டினாள். கெட்டியான சத்தம் வந்தது.

கடல் அங்கேயேதான் இருந்தது. நபீலா கரையில் நின்று பார்ப்பாள் என்றுதான் அவாதிஃப் நினைத்தாள். அவளோ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள். கணுக்கால் வரை, பிறகு முட்டி வரை. ஒரு அலை வந்து கறுப்பு அங்கியை இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. யாரையோ வம்புக்கிழுப்பதுபோலக் கடலைப் பார்த்து ஏதோ திட்டினாள். அவாதிஃப் காருக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அங்கியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கால் முழுக்க மணல். கதவைத் திறந்து, புதுத் தரையைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"ஈரமா இருக்குடி. துடைக்க ஏதாவது துணி வெச்சிருக்கியா?"

அவாதிஃபின் கை முன்பெட்டியைத் திறந்தது. துணி மேலேயே இருந்தது. பெட்டியை மூடினாள்.

"துணியெல்லாம் இல்லக்கா. அப்படியே ஏறு."