கேள்வி கேட்காத வழி

வாசலில் நின்ற மீனவர் குணத்தோடு கதைத்துவிட்டு பரீனா உள்ளே வந்தபோது கொழும்புக்கு அனுப்பக் கொடுத்த அவருடைய வாக்குமூலக் கோப்பு பாதி போயிருந்தது.

"காக்கா, இது ஒண்டும் கேக்கலயா?"

"கேட்டுது. வேணாமெண்டு அடிச்சன்." கல்முனைக்குடி நெட்கடை ஷரிபுதீன் லுஹர் தொழுகைக்குத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். "றோட்டுல ஆமிச் சென்றிக்காரன் கேக்குறது காணாதா, இதுவுமா? அனுப்புற வழி மூணுல எஸ்.எஃப்.டி.பி. கேள்வி கேட்டுது, எஃப்.டி.பி.எஸ். புடிக்கல்ல, வெறும் எஃப்.டி.பி. சத்தமில்லாமப் போகுது. எல்லாம் ஒரே வாப்பாட புள்ளைகள்தானே."

"முதல் ரெண்டுக்கும் பூட்டிருக்கு. இது தபாலட்டை. வழியில ஆரும் பாக்கலாம்."

அவள் இணைய வயரைப் பிடுங்கினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை மாதம். யுத்தம் வடக்கே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. சுனாமி வீடு கட்ட வந்த, பரீனா வேலைசெய்யும் நிறுவனம் இப்போது காணாமல்போனோரின் உறவுகளிடம் வாக்குமூலம் பதிந்துகொண்டிருந்தது. காலையில் அலுவலக இணைப்பு செத்துப்போனதால்தான் பரீனா இந்தக் கடைக்கு வந்தாள். புதுக் கணினியென்றால் எஸ்.எஃப்.டி.பி. ஓர் எழுத்து வரிசையைக் காட்டி, 'இந்த இடத்தை நம்பலாமா?' என்று கேட்கும். எங்களுக்குப் போன் போட்டு ஒப்பிட்ட பிறகே ஓமென்று சொல் என்பது கொழும்புத் தலைமையகத்தின் கட்டளை.

"பாதிதானே போயிருக்கு?" என்றார் ஷரிபுதீன். குரல் இறங்கியிருந்தது.

முதல் பாதி. எல்லா வாக்குமூலமும் பெயரில்தான் தொடங்கும். குணத்தின் பெயர், தகப்பன் பெயர், பாண்டிருப்பில் எந்த ஒழுங்கை. தம்பியை ஏற்றிப்போன வேனின் நம்பர் கடைசியில்தான் வரும்.

மறைக்காமல் வெளியே போய்க் குணத்திடம் சொன்னாள்.

"ஆரும் பாத்திருப்பாங்களா, தங்கச்சி?"

"தெரியா அண்ணன். பாக்காமலும் இருக்கலாம். மிச்சம் நம்மட்டத்தான் இருக்கு. அழிக்கட்டா?"

குணம் சைக்கிள் மணியை விரலால் தடவினார். "என்ட பேர் போயிட்டு. அவனுகள்ற வேன் நம்பர் போகாட்டி எனக்கென்ன மிச்சம்? பூட்டி அனுப்புங்க. நான் ஆலையடிவேம்புக்குப் போறன், பொஞ்சாதிட ஊட்ட."

"இப்பவே போங்க. ஊட்டுக்குப் போய் உடுப்பெடுக்க வேணாம்."

"வலை கரையில கிடக்கு."

"நான் எடுத்து வெக்கிறன்," என்றார் பின்னால் வந்து நின்ற ஷரிபுதீன். "சைக்கிள உட்டுட்டுப் பஸ்ஸப் புடி."

பரீனா வயரைச் செருகி, எஸ்.எஃப்.டி.பி.யைத் தெரிவுசெய்தாள். கேள்வி வந்தது. கொழும்பை அழைத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். குணம் போகவேண்டிய அக்கரைப்பற்று பஸ் கடையைத் தாண்டிப் போனது. அவள் தலை நிமிரவில்லை. இன்னும் ஆறு எழுத்து மிச்சமிருந்தது.