இரவுப் பணி

சர்வர் படுத்துவிட்டால் வீட்டிலிருந்தபடியே எழுப்பிவிடும் இரவுப் பணியைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மென்பொருள் அலுவலகத்தில் பதவி உயர்வு. ஆறு வருடமாக நிரல் எழுதும் அவளை அதில் போட்டதே இல்லை. இந்த முறையும் உயர்வு, அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒல்லிப் பையனுக்குத்தான் போனது.

"நீ ராத்திரி வேலை பார்த்ததில்லையேம்மா" என்றார் மேலாளர்.

"நீங்க போடலையே சார்."

"பொம்பளப் புள்ள. ராத்திரியில போன் அடிச்சா வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?"

"அவர் லாரி ஓட்டுறார். ராத்திரி வீட்ல இருக்கிறதே இல்ல."

பக்கத்து இருக்கையில் ஒல்லி சிரித்தான். "நிம்மதியா தூங்குங்கக்கா. கொடுத்து வெச்சவங்க."

"போன வாரம் சர்வர் படுத்தப்போ நீ யாரைடா எழுப்பினே?"

அவன் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்றைக்கு அவள் போனில் சொல்லச் சொல்லத்தான் அவன் தட்டினான். மேலாளர் அசரவில்லை.

"அக்காகிட்ட ஒரு சந்தேகம் கேட்டிருக்கான். இதைப் போய்ச் சொல்லிக் காட்டுவியா? பொம்பளைன்னா உதவுற மனசு வேணும்மா."

அவள் போனை எடுத்தாள். ஒல்லியின் எண்ணிலிருந்து இனி அழைப்பு வராதபடி தடுத்துவிட்டு, திரையை மேலாளரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னைக்கு ராத்திரியும் இவன் முறைதானே? பார்த்துக்கட்டும். ஆம்பளைதானே."

"சார், அப்போ ராத்திரி நான் யாரை..." என்று இழுத்தான் ஒல்லி.