எட்டாம் நம்பர் கதவு

மனித நாகரிகத்தில் சக்கரம் உருண்ட நாளுக்கு அடுத்தபடியாகப் பொறித்துவைக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், அது 1934இல், தேவிகுளத்துக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்துகளின் வால் வெட்டப்பட்ட நாள்தான். வெட்டியவர் பெரிய துரை. சீமையிலிருந்து வந்த அச்சுப் புத்தகத்தில் புதுவகை இங்கிலீஷ் எழுத்தைக் கண்டார். காலில் குஞ்சம் இல்லை, தலையில் கொண்டை இல்லை. காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு. எல்லாம் ஒரே தடிமன், கங்காணியின் கைத்தடி மாதிரி. தேயிலைப் பெட்டி, தொழிற்சாலை நெற்றி, ஆஸ்பத்திரி, கக்கூஸ் எல்லாவற்றிலும் அது ஏறியது. பனியிலும் கால் மைலுக்குத் தெரியும் என்றார் துரை. தெரிந்தது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தது. ஒரே சுவரில் ஒட்டிக் கிடக்கும் பத்து வீடுகள், பத்தும் ஒரே அச்சு. குருவம்மாளின் கதவில் மட்டும் காவியில் ஒரு சேவல் நின்றது. சம்பள நாளில் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் நுழைந்து அடிவாங்கிய அவள் புருஷன் கந்தப்பன், அடையாளத்துக்குத் தானே வரைந்தது. மாசியில் சண்டை போட்டுப் போடிக்கு இறங்கியவன் இன்னும் மலை ஏறவில்லை.

பெயிண்டர் மத்தியாஸ் வீட்டு நம்பர் வெட்டிய தகர அச்சோடு வந்தபோது அவள் கதவை மறித்தாள்.

"அண்ணே, சேவல அழிச்சிராதீக. அவுக வந்தா எதப் பாத்து நுழைவாக?"

கூட வந்த கிளார்க் செல்லத்துரை தொண்டையைச் செருமினார். "ஏ குருவம்மா, இது லண்டன்ல நடக்குற எழுத்து. குருடன்கூட வாசிப்பான்."

"அவுகளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்யா. வாசிக்கத்தான் தெரியாது."

மத்தியாஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வண்ணம் அடித்தார். சேவல் போய் எட்டு வந்தது.

அவர்கள் போனபிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அது பானைமேல் பானை. ஒருத்திக்கு ஒரு பானையே அதிகம். இன்னமும் கை தவறி இருவருக்கு அரிசி போட்டுவிடுகிறாள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் சுவருக்கு அப்பால் கேட்கும் சிரிப்போடு சேர்த்துக் குடிக்கிறாள்.

கழுதைப் பொதி ஓட்டும் சோலை போடிக்குக் கிளம்பும்போது ஓடிப்போய் நிறுத்தினாள். "தம்பி, அவுகளப் பாத்தா சொல்லுங்க. சேவல் இல்ல, பானைமேல பானை இருக்கும். அந்தக் கதவுதான்."

"வீட்டுக்குள்ள இருக்கத வெளிய எழுதிப் போட்டாகளா மதினி?"

"கேலி பேசாம சொல்லுங்க. ரோட்டுலருந்தே தெரியும்."

அதன்பின் தினமும் கொழுந்துக்குப் போகுமுன் முந்தானையால் எட்டின்மேல் படிந்த பனியைத் துடைத்தாள். குதிரையில் வந்த துரை அதைக் கண்டு நெகிழ்ந்துபோனார். கூலிகள் இந்த எழுத்தை நேசிக்கிறார்கள் என்று சீமைக்கே எழுதிவிட்டார்.

சோலை திரும்பி வந்தான்.

"பாத்தீகளா?"

"பாத்தேன்." கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"பானை வெவரம் சொன்னீகளா?"

"எல்லாஞ் சொன்னேன் மதினி."

வீடு தனக்கு நன்றாகத் தெரியும், வரத்தான் பிடிக்கவில்லை என்று கந்தப்பன் சொல்லி அனுப்பியிருந்தான்.